இருபது மேசைக்கு வீட்டுப் பூ

மதுரையில் தை 23 அன்று அக்காவுக்குக் கல்யாணம். முந்தின நாள் மாலை வரவேற்பு, ஏசி இல்லாத மண்டபம், இருபது வட்ட மேசை. மேசை நடுவில் வைக்கும் பூ அலங்காரத்தை வீட்டார் நாங்களே செய்யலாமா, மாடியில் இருக்கும் இடத்தில் எல்லாப் பூவையும் வளர்த்துவிட முடியுமா, மதுரைக் கல்யாணம் ஆயிற்றே, மல்லிகை வைக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது செப்டம்பர் கடைசி. கையில் ஏறக்குறைய நூற்று முப்பது நாள் இருக்கிறது. தாராளமாகச் செய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் வளர்க்க நினைக்காதீர்கள்.

எதை வளர்ப்பது, எதை வாங்குவது என்று பிரிக்க எனக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. நம் பூ மார்க்கெட் மாலைக்காகவும் சரத்துக்காகவும் நடக்கிற மார்க்கெட். மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பாருங்கள். செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, செவ்வந்தி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து கொட்டிக் கிடக்கும், ஒன்றிலும் காம்பு இருக்காது. தலையை மட்டும் கிள்ளி, கிலோ கணக்கில் விற்பார்கள். மாலை கட்டுபவருக்குக் காம்பு எதற்கு? ஆனால் மேசையில் பூவை நிறுத்தி வைக்க நமக்குக் காம்பு வேண்டும். மாடியில் வளர்ப்பதன் லாபமே அதுதான், ஒரு முழம் காம்போடு வெட்டிக்கொள்ளலாம். காம்போடு விற்கும் ரோஜாவையும் ஜெர்பராவையும் வளர்த்து மல்லுக்கட்டாமல் வாங்கிவிடலாம். காம்பில்லாத உதிரிப்பூவைத் தண்ணீரில் மிதக்க விடலாம்.

முதலில் வாடாமல்லி. ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பூ கிடையாது. அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள் விதையுங்கள். விதை பஞ்சு மாதிரி உறையோடு இருக்கும், முளைக்கக் கொஞ்சம் தாமதிக்கும். ஓர் இரவு ஊறவைத்துப் போட்டால் நல்லது. எழுபது, எண்பது நாளில் பூக்கும். பூத்த பிறகு வாரக்கணக்கில் செடியிலேயே நிற்கும், பேருக்குத் தகுந்த பூ. பொங்கல் முடிந்த கையோடு பாதியை வெட்டி, இலையை உருவிவிட்டு, பத்துப் பத்தாகக் கட்டி, வெயில் படாத அறையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். காய்ந்த பிறகும் அந்த ஊதா நிறம் போகாது. கல்யாண நாளில் மழையே பெய்தாலும், செடிக்கு ஏதாவது ஆனாலும், இந்தப் பாதி உங்கள் கையில் இருக்கும். செடி வளர்க்கும் பை பத்து வைத்தால் இருநூறு, முந்நூறு பூ நிச்சயம்.

செண்டுமல்லிக்குத்தான் நாள் கணக்கு கறாராக வேண்டும். விதைத்ததிலிருந்து நாற்றுக்கு 25, 30 நாள். பிடுங்கி நட்ட பிறகு பூவெடுக்கச் சுமார் 60 நாள். முதல் பூவை நம்பி அலங்காரம் செய்ய முடியாது, செடி நிறையப் பூக்க இன்னும் பத்து, பதினைந்து நாள் கொடுங்கள். மொத்தம் நூற்றைந்து நாள் வரை ஆகிறது. வரவேற்பு நாளான பிப்ரவரி 4-லிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 20-ஐ ஒட்டி விதை மண்ணில் விழ வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். திறந்த மாடியில் நாற்று விட்டால் நான்கு நாள் அடைமழையில் கழுத்து அழுகி, வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். நாற்றுத் தட்டை வெயில் வரும் ஜன்னல் ஓரத்திலோ தாழ்வாரத்திலோ வைத்து வளர்த்து, நவம்பர் நடுவில் பைக்கு மாற்றுங்கள். இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால், நவம்பர் மூன்றாம் வாரம் நர்சரியில் குழித்தட்டு நாற்றாக வாங்கி நட்டுவிடுங்கள். நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன். பை நடுத்தர அளவு போதும், அடியில் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டு மூன்று, நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துப் பூ எண்ணிக்கை கூடும், பூப்பது ஒரு வாரம், பத்து நாள் தள்ளியும் போகும். இதையே ஒரு கடிகாரம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். இருபத்தைந்து செடி இருந்தால் பதினைந்தைக் கிள்ளுங்கள், பத்தை அப்படியே விடுங்கள். இரண்டில் ஒரு கூட்டம் கட்டாயம் நாளுக்குச் சரியாக அமையும். ஒரு செடியில் ஒரே நாளில் ஐந்தாறு பூவுக்கு மேல் கணக்கு வைக்காதீர்கள். பொங்கல் சமயத்தில் வரும் பூவை வீட்டு வாசலுக்கும் சாமிக்கும் பறித்துவிடுங்கள். முற்றவிட்டால் செடி விதை கட்டப் போய்விடும், அடுத்த பூ குறையும்.

ஜீனியா போடலாம், நவம்பர் கடைசியில். அறுபது, எழுபது நாளில் பூக்கும். ஆனால் மார்கழிப் பனியில் இலையில் மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் வரும். செடிகளை நெருக்கமாக வைக்காமல், தலையில் ஊற்றாமல் மண்ணில் மட்டும் தண்ணீர் விட்டால் ஓரளவு தப்பிக்கும். இதைப் பறிக்க ஒரு பக்குவம் உண்டு. பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். காம்பு விறைப்பாக நின்றால் வெட்டலாம். பூத்தலை தளதளவென்று ஆடினால் இன்னும் இரண்டு நாள் விட வேண்டும். பார்க்க முழுதாக விரிந்த மாதிரிதான் இருக்கும், வெட்டினால் அரை மணியில் தொங்கிவிடும்.

கோழிக்கொண்டையில் கொண்டை மாதிரி ரகம் செடிக்கு ஒரு பெரிய தலைதான் கொடுக்கும். இடம் மிச்சம் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வாங்கிக்கொள்ளலாம். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து நிறைய வருகிறது. காம்பு இல்லாமல் வரும், அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

வளர்க்கவே கூடாதவை இரண்டு. ஒன்று, செவ்வந்தி. அது பகல் குறுகி இரவு நீளும்போது மொட்டு வைக்கிற செடி, அதனால்தான் ஐப்பசியிலிருந்து தை வரை மார்க்கெட்டில் குவிகிறது. கன்றை ஆனி, ஆடியிலேயே நட்டிருக்க வேண்டும். நீங்கள் தாமதம். உங்கள் மாதத்தில் தாராளமாகக் கிடைக்கும் என்பதால் வாங்குவதே லாபம். இரண்டாவது, ரோஜா. மாடித் தொட்டி ரோஜா குறிப்பிட்ட தேதிக்கு அறுபது பூ கொடுக்காது. அது நம் பேச்சைக் கேட்கிற செடி இல்லை.

பச்சைக்குக் காசு செலவழிக்காதீர்கள். கடையில் கட்டுக் கட்டாக விற்கும் அலங்கார இலைகளை விட மாவிலை, குரோட்டன்ஸ், துளசி, திருநீற்றுப் பச்சிலை நன்றாக நிற்கும். மரிக்கொழுந்து கிடைத்தால் கொஞ்சம் சொருகுங்கள், கை பட்டால் வாசம் வரும். யாராவது தென்னந்தோப்பு வைத்திருந்தால் வெடிக்காத தென்னம்பாளை நான்கு கேட்டு வாங்குங்கள். வரவேற்பு அன்று மதியம் பாளையைக் கீறினால் உள்ளே தந்த நிறத்தில் நெல்மணி கோத்த மாதிரி சரங்கள். ஒரு செம்பில் நிறுத்தி வாசல் மேசையில் வைத்தால் வேறு எந்தப் பூவும் அங்கே தேவைப்படாது.

சரி, வாங்குவதற்கு வருவோம். காம்புப் பூ என்றால் ரோஜா பெரும்பாலும் ஓசூரிலிருந்தும், ஜெர்பரா, கார்னேஷன் வகைகள் ஓசூர், நீலகிரி போன்ற இடங்களின் பசுமைக்குடில்களிலிருந்தும் வருகின்றன. ரோஜா ஒரு கட்டுக்கு 20 காம்பு, ஜெர்பரா 10. உங்கள் தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. பிப்ரவரி 14-க்கு முந்தைய இரண்டு வாரம் சிவப்பு ரோஜாவின் விலை வேறு உலகத்தில் இருக்கும். ஓசூரில் அந்த நாளைக் குறிவைத்தே கிளையை வெட்டிவிட்டு (கவாத்து) வளர்க்கிறார்கள், நல்ல காம்பெல்லாம் ஏற்றுமதிக்கும் பெருநகரங்களுக்கும் போய்விடும். சிவப்பை விடுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, பாதாமி நிறம் கேளுங்கள், செண்டுமல்லியோடு அவைதான் சேரும்.

உதிரிப்பூவுக்கு, தை முகூர்த்த நாளின் முந்தின நாள் விலை எப்படி இருக்கும் என்று மதுரைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கமிஷன் கடைக்காரரிடம் பத்து நாள் முன்பே நேரில் போய், எத்தனை கிலோ, எந்த நிறம், எந்த நாள் காலை என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் ஒருமுறை காலையில் போய் ஒரு கிலோ செண்டுமல்லி வாங்கி எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது நூற்று முப்பதுக்குச் சற்று மேல் இருந்தது. பூவின் அளவைப் பொறுத்து இது மாறும், ஆனால் ஒரு முறை எண்ணிவிட்டால் பிறகு தேவைக்கு மேல் வாங்க மாட்டீர்கள்.

வாங்கிய காம்புப் பூவை நேராக அலங்காரத்தில் சொருகாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் தம்பி கல்யாணத்துக்கு ஐம்பது ஜெர்பரா வாங்கி, கட்டைப் பிரித்த கையோடு பச்சை ஸ்பாஞ்சில் குத்தி மேசைக்கு அனுப்பினேன். ஆறு மணிக்கு விளக்கு போட்டபோது அழகாக இருந்தது. ஏழரைக்குப் பெண் வீட்டார் உட்காரும்போது ஒரு பூ விடாமல் கழுத்தை மடித்து மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் அத்தை, "என்னடா, பூவெல்லாம் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருக்கு" என்றார். இன்னும் அந்த வீட்டில் அதைச் சொல்கிறார்கள்.

காரணம் தாகம். வெட்டி வண்டியில் வந்த காம்பின் நுனியில் காற்று புகுந்து தண்ணீர்ப் பாதை அடைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நுனியை இரண்டு விரற்கடை சரிவாக வெட்டி, முடிந்தால் தண்ணீருக்குள் வைத்தே வெட்டி, வாளியில் நிறுத்தி ஓர் இரவு முழுக்கக் குடிக்க விடுங்கள். தண்ணீருக்குள் ஓர் இலைகூட இருக்கக் கூடாது, இலை அழுகினால் கிருமி பெருகிக் காம்பு மறுபடி அடைக்கும். ரோஜாவுக்குக் கழுத்தளவு தண்ணீர். ஜெர்பரா காம்பு மென்மையானது, அழுகும், அதற்கு நான்கு விரற்கடை போதும். தலை சாயாமல் இருக்கப் பத்துப் பத்தாகச் செய்தித்தாளில் சுருட்டி நிறுத்துங்கள். தண்ணீரில் சர்க்கரை போடச் சொல்வார்கள். சர்க்கரை மட்டும் போட்டால் கிருமிக்குத்தான் விருந்து. லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அரை மூடி எலுமிச்சைச் சாறு, துணிக்குப் போடும் ப்ளீச் நான்கைந்து சொட்டு, மூன்றும் சேர்ந்தால்தான் பலன். தொங்கிப்போன ரோஜா வந்தால் தூக்கிப் போடாதீர்கள். நுனியை வெட்டி, பெரிய அண்டாத் தண்ணீரில் காம்போடு முழுதாக ஒரு மணி நேரம் படுக்கவைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

வாளிகளை எந்த அறையில் வைப்பது என்பதும் முக்கியம். கல்யாண வீட்டில் குளுமையான அறை ஒன்றுதான் இருக்கும், அங்கேதான் வாழைத்தாரும் பழக்கூடையும் அடுக்கியிருப்பார்கள். பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் ஒரே இரவில் இதழைச் சுருட்டித் தூங்கிவிடும், ரோஜாவுக்கும் ஆகாது. பூவையும் பழத்தையும் ஒரே அறையில் பூட்டாதீர்கள்.

இருபது மேசைக்கும் ஒரே மாதிரி வேண்டாம். பத்தில் நின்ற அலங்காரம், பத்தில் தண்ணீர் உருளி, மாற்றி மாற்றி வையுங்கள். கண்ணுக்கும் நல்லது, வேலையும் பாதி.

நின்ற அலங்காரத்துக்குப் பச்சை ஸ்பாஞ்ச் வாங்க வேண்டாம். அது மக்காத பிளாஸ்டிக், விலையும் இல்லாமல் இல்லை. நமக்கு அதைவிட நல்லது வாழைத்தடி. தார் வெட்டிய மரத்தின் தடியை ஒரு சாண் நீளத் துண்டாக அறுங்கள். நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டுப் பக்கத்தைக் கீழே வைத்தால் உருளாமல் உட்காரும். மேல் மட்டையில் ஸ்க்ரூட்ரைவரால் சாய்வாகக் குத்தினால் மெத்தென்று உள்ளே போகும், வெளியே எடுக்கும்போது ஓட்டையில் தண்ணீர் மினுங்கும். மட்டையிலிருந்து கசிகிற நீர் அது. ஓர் இரவுக்கு உங்கள் பூவுக்கு அது போதும். முதலில் மாவிலையும் துளசியும் சொருகி ஓரம் மறையுங்கள், அப்புறம் நடுவில் மூன்று கோழிக்கொண்டை, சுற்றி பதினைந்து செண்டுமல்லி, இடையிடையே இருபது வாடாமல்லி கொஞ்சம் எழும்பி நிற்கிற மாதிரி. காம்பில்லாத கோழிக்கொண்டைக்குத் தென்னை ஈர்க்கு ஒன்றை அடியில் குத்தி அதையே காம்பாக்கிச் சொருகிவிடலாம்.

ஒரே ஒரு ஜாக்கிரதை, வாழைக்கறை. மண்டபத்து வெள்ளை விரிப்பில் பட்டால் போகவே போகாது, விரிப்புக்கான பணத்தை உங்களிடம்தான் வாங்குவார்கள். தடியை முந்தின நாளே வெட்டி, வெட்டுவாயைத் தண்ணீரில் அலசி, ஒரு மணி நேரம் வடியவிட்டு, கீழே பாக்குமட்டைத் தட்டு வைத்துத்தான் மேசைக்கு ஏற்ற வேண்டும். வெட்டும்போது நீங்களும் பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள்.

உருளி பத்து வீட்டில் இருக்காது. சொந்தக்காரர்களிடம் கேளுங்கள், இல்லையென்றால் அகலமான மண்சட்டி போதும். மண்சட்டி கசியும் என்பதால் இரண்டு நாள் முன்பே தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள். ஓரத்தில் உதிரிச் செண்டுமல்லியை நெருக்கி ஒரு வட்டம், உள்ளே செவ்வந்தி ஒரு வட்டம், நடுவில் தலை மட்டும் வெட்டிய ஐந்து ஜெர்பரா. அல்லது மூன்று தாமரை. தாமரை மொட்டு வாங்கி வந்தால் தானாக விரியாது, இதழை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்துத்தான் விரிக்க வேண்டும். மடித்த இடம் சில மணி நேரத்தில் கறுக்கத் தொடங்கும். அதனால் மாலை நான்கு மணிக்கு மேல் மடியுங்கள், அதுவரை மொட்டு தண்ணீரில் இருக்கட்டும். பத்து உருளிக்கு உதிரி செண்டுமல்லி மூன்று கிலோ, செவ்வந்தி இரண்டு கிலோ, ஜெர்பரா ஐந்து கட்டு. ஐந்து சட்டியில் தாமரை என்றால் ஜெர்பரா மூன்று கட்டு போதும், தாமரை பதினைந்துக்கு நான்கு கூடுதலாகச் சேர்த்து வாங்குங்கள்.

உயரம் எதுவானாலும் ஒரு சாணுக்கு மேல் போகாதீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவை எட்டிப் பார்த்துப் பேச வேண்டிய மேசை நன்றாக இருக்காது. மறுநாள் இலை போடும் பந்தி மேசையில் எதுவுமே வேண்டாம். சாம்பார் வாளி போகிற வேகத்தில் முதல் பந்தியிலேயே எல்லாம் கீழே கிடக்கும்.

சாப்பிடுகிற மேசை என்பதால் இரண்டு பூவைக் கண்டிப்பாகத் தவிருங்கள். அரளி மாலைக்கு நல்லது, ஆனால் செடி முழுக்க விஷம், அது கிடந்த தண்ணீரும் ஆகாது, குழந்தைகள் கைவிடுகிற இடத்தில் வைக்கவே கூடாது. செங்காந்தள் வேலியில் பூத்திருந்தால் ஆசையாக இருக்கும், அதுவும் அதே கதை. மார்க்கெட் பூ எல்லாமே மருந்து அடித்து வருவதுதான், இதழைத் தட்டு மேலேயோ இனிப்பு மேலேயோ தூவாதீர்கள். சம்பங்கி விஷமில்லை, ஆனால் அதன் வாசமும் குருமா வாசமும் ஒரே மேசையில் சேர்ந்தால் எனக்குத் தலை வலிக்கும். வாசலில் வைத்துவிடுங்கள்.

ஜனவரி கடைசி வாரம் ஒரு நாள் ஒரே ஒரு வாழைத்தடி அலங்காரமும் ஒரு சட்டியும் செய்து, மாலை நான்கிலிருந்து இரவு பத்து வரை மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். எந்தப் பூ சாய்கிறது என்று அதில் தெரிந்துவிடும், அதை நீக்கிவிட்டு மற்றதைப் பெருக்குங்கள். ஒரு தடி கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபது நிமிடம். பத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அதுவும் கல்யாண வீட்டில். மூன்று பேராவது உட்கார வேண்டும், அதில் ஒருவராவது மணப்பெண்ணின் புடவைக்கு ஃபால்ஸ் தைக்க ஓடாதவராக இருக்க வேண்டும். காம்புப் பூவை இரண்டு நாள் முன்பு வாங்குங்கள். வரவேற்பு அன்று வெயில் ஏறும் முன் மாடிப் பூவை வெட்டி வாளியில் வையுங்கள், உதிரிப்பூவும் அன்று காலையில் வரட்டும். தடி வேலை மதியம் முடியட்டும், சட்டிகளுக்கு மண்டபத்தில் போய்த் தண்ணீர் ஊற்றுங்கள். நிரப்பிய சட்டியை ஆட்டோவில் ஏற்றியவர்கள் இரண்டாம் முறை அதைச் செய்வதில்லை.

கடைசியாக மல்லிகை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-இல், மேசையில் வைக்காமல் போனால் அதன் பெருமைக்கு ஒன்றும் குறையாது. தையில் பனியால் வரத்து குறைந்து, முகூர்த்தமும் சேர்ந்து, கிலோ ஆயிரங்களில் போகும். தண்ணீரில் போட்டால் ஓரம் பழுத்துவிடும். அந்தக் காசுக்கு அக்காவுக்கும் அம்மாவுக்கும் தலைக்கு வாங்குங்கள். மனசு கேட்கவில்லையென்றால் மணமக்கள் உட்காரும் மேசைக்கு மட்டும், உருளியின் நடுவில் ஒரு சின்னக் குத்துவிளக்கு வைத்து அதன் தண்டில் இரண்டு முழம் சுற்றுங்கள். தண்ணீர் தொடாமல் இருக்கும். மொட்டாக வாங்கி ஐந்து மணிக்குச் சுற்றினால், எட்டு மணிக்கு அவர்கள் சாப்பிட உட்காரும்போது விரிந்திருக்கும்.